‘ஓதித்தானே படுத்தேன், அப்புறம் ஏன் கனவு வந்துச்சு?’

கேள்வி: எங்களுக்குப் புதுவயல். ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டில் நானும் மாமியாரும் எட்டு வயது மகனும் வாடகைக்கு இருக்கிறோம். முன்வீடு பூட்டியே கிடக்கும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வந்து திறப்பார்கள். கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார், விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் போனதிலிருந்து மகனுக்கு ராத்திரியில் பயம். சில நாள் படுத்து ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அலறுகிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. சில நாள் சுபுஹ் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் அழுதுகொண்டே எழுந்து கனவைச் சொல்கிறான். பெரும்பாலும் ஒரே கனவு: நடுக்கதவுக்குப் பின்னால் நின்று அத்தா கூப்பிடுகிறார், தாழ்ப்பாள் திறக்க மாட்டேன் என்கிறது. பூட்டின வீட்டில் ஜின் இருக்கிறது, அதுதான் அத்தா குரலில் கூப்பிடுகிறது என்று மாமியார் தாயத்து வாங்கிக் கட்டியிருக்கிறார். கெட்ட கனவை வெளியே சொல்லக் கூடாது என்றும் சொல்கிறார். படுக்கும்போது ஓத வேண்டியதை எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தேன். இப்போது ஒரு எழுத்து தப்பிவிட்டது என்று மூன்று குல் சூராக்களையும் திரும்பத் திரும்ப ஓதுகிறான், எழுந்து போய் மறுபடி ஒளு செய்கிறான் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது). ‘ஓதித்தானே படுத்தேன், அப்புறம் ஏன் கனவு வந்துச்சு?’ என்று கேட்கிறான். நான் என்ன பதில் சொல்வது? எந்த துஆ ஓதினால் இது நிற்கும்?

பதில்:

வஅலைக்கும் ஸலாம் சகோதரி.

நான் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர், ஆலிமா அல்ல. மார்க்கச் சட்டம் பற்றிய சந்தேகங்களுக்கு உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேளுங்கள். ஆனால் உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். அலறலைவிட அந்தக் கேள்விதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தான் சரியாக ஓதாததால்தான் கனவு வந்தது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். எட்டு வயதுப் பிள்ளை இந்தப் பாரத்தோடு படுக்கக் கூடாது.

கெட்ட கனவு பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூ கதாதா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நல்ல கனவு அல்லாஹ்விடமிருந்து, கெட்ட கனவு ஷைத்தானிடமிருந்து. பிடிக்காத கனவு கண்டால் இடது பக்கம் மூன்று முறை லேசாகத் துப்புவதுபோல் ஊதிவிட்டு, அதன் தீங்கை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடட்டும். அது அவருக்கு எந்தத் தீங்கும் செய்யாது. ஓதினால் கனவே வராது என்று இதில் இல்லை, பாருங்கள். வரும், வந்தாலும் ஒன்றும் செய்யாது என்றுதான் இருக்கிறது. உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான்: ‘நீ ஓதினது வீணாப் போகலைடா. கனவு வந்துச்சு, போயிடுச்சு. உனக்கு ஏதாவது ஆச்சா? ஒண்ணும் ஆகலைல்ல?’

இந்த ஹதீஸை அபூ கதாதாவிடமிருந்து கேட்டவர் அபூ ஸலமா. நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையில் பெரிய அறிஞர். கனவு கண்டால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும், மலையைவிடப் பாரமாக இருக்கும், இந்த ஹதீஸைக் கேட்ட பிறகு அதைப் பொருட்படுத்துவதில்லை என்று அவரே சொன்னது முஸ்லிமில் வருகிறது. இதைப் பிள்ளையிடம் ஒரு கதையாகவே சொல்லுங்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே கனவு கண்டு காய்ச்சல் வந்தது என்றால், புதுவயல் பையனுக்கு வருவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, கனவைச் சொல்லலாமா, கூடாதா? உங்கள் மாமியார் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. பிடிக்காத கனவை மக்களிடம் சொல்ல வேண்டாம், எழுந்து தொழட்டும் என்று ஹதீஸ் உண்டு. ஒரு கிராமத்து அரபி வந்து, ‘என் தலை வெட்டுப்பட்டு உருண்டு ஓட, நான் பின்னாலேயே ஓடுவதாகக் கனவு கண்டேன்’ என்றபோது, ஷைத்தான் உன்னோடு கனவில் விளையாடியதை மக்களிடம் சொல்லாதே என்று நபி (ஸல்) சொன்னார்கள். கனவை ஊர் முழுக்கப் பரப்பி, ஆளுக்கொரு பலன் கேட்டுப் பயத்தை வளர்க்காமல் இருக்கத்தான் இது என்று நான் புரிந்துகொள்கிறேன். அபூ ஸலமா தன் கஷ்டத்தை அபூ கதாதாவிடம் வாய்விட்டுச் சொன்னதால்தானே அவருக்கு மருந்து கிடைத்தது? நடுராத்திரியில் பெற்ற தாயிடம் பயத்தைச் சொல்லும் பிள்ளையை ‘சொல்லாதே’ என்று அடக்கினால் பயம் உள்ளேயே தங்கிவிடும். உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் அதைப் பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள், பலன் கேட்காதீர்கள், ராத்திரியிலேயே ‘அப்புறம் என்ன நடந்துச்சு’ என்று தோண்டவும் வேண்டாம். அணைத்துக்கொண்டு, ‘அம்மா இருக்கேன், அது கனவு’ என்று சொன்னால் போதும்.

அந்தக் கனவைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. கனவுகள் மூன்று வகை என்று ஹதீஸில் வருகிறது: அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் கவலைப்படுத்தக் காட்டுவது, மனிதன் தனக்குத்தானே மனதில் பேசிக்கொள்வது. உங்கள் மகனின் கனவை எந்த வகையில் சேர்ப்பது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஊருக்குப் போன அத்தா, திறக்காத கதவு, அந்தப் பக்கமிருந்து கேட்கும் குரல்... பகல் முழுக்க அவன் மனம் எதைப் பேசிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குக் கேட்கிறது. அத்தா போன் செய்தால் குரல் வருகிறது, ஆள் வரவில்லை. அவன் வீட்டில் பூட்டியே கிடப்பது அந்த நடுக்கதவு ஒன்றுதான். அதனால் கனவில் அதுவே வருகிறது. இதற்கு மேல், ‘ஜின்தான் உன் அத்தா குரலில் கூப்பிடுது’ என்று ஒரு குழந்தையிடம் சொன்னால் என்ன ஆகும்? ஜின் இருப்பது நம் ஈமானில் உள்ளதுதான், அதில் பேச்சில்லை. ஆனால் அத்தாவின் குரலையே அவன் சந்தேகப்படும்படி செய்துவிடாதீர்கள். இந்த ஒரு பேச்சு மட்டும் இன்றோடு வீட்டில் நிற்க வேண்டும். மாமியாரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் உங்கள் கணவரையே அவருடைய அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் சாவி இருக்கும். ஒரு விடுமுறை நாளில், காலை பத்து மணி வாக்கில், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு அந்த நடுக்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். தாழ்ப்பாளைப் பையன் கையாலேயே தள்ள விடுங்கள். உள்ளே வளவில் வெயில் கொட்டும். தூண்களை எண்ணட்டும், ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு ஓடட்டும், மச்சில் அடைந்திருக்கும் புறாவைப் பார்க்கட்டும். பகல் வெயிலில் சூடாகி விரிந்த தேக்கு உத்தரமும் நிலைகளும் ராத்திரியில் குளிரும்போது சுருங்கி ‘டக்’, ‘கிர்ர்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ஒரு முறை போதாது, இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். பயந்தால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வாசற்படி வரை போதும் என்றால் அன்றைக்கு அதுவே போதும்.

இன்னொன்று: பகலில், அவன் நல்ல மனநிலையில் இருக்கும்போது, அந்தக் கனவை ஒரு தாளில் படமாக வரையச் சொல்லி, முடிவை மட்டும் அவன் இஷ்டப்படி மாற்றச் சொல்லுங்கள். கதவு திறக்கட்டும், அத்தா பெட்டியோடு உள்ளே வரட்டும், அவனே சாவி செய்யட்டும். புது முடிவை தினமும் பகலில் சில நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரே கனவுக்கு நாங்கள் ஆலோசனையில் பயன்படுத்தும் முறை இது.

இப்போது அலறல். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வேறு விஷயங்கள். விடியற்காலையில் அழுதுகொண்டே எழுந்து கதை சொல்கிறானே, அதுதான் கெட்ட கனவு. அப்போது முழுசாக விழித்திருக்கிறான், உங்கள் ஆறுதல் அவனுக்குப் போய்ச் சேரும். படுத்த ஒரு மணி நேரத்தில் கண் திறந்தபடி அலறுவது கனவே அல்ல. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழித்துக்கொள்ளும் நிலை அது, உறக்கத் திடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளில் பலருக்கு வரும், வளர வளரத் தானாக நின்றுவிடும். அந்த நேரத்தில் உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், விளக்கைப் போட்டு எல்லோரும் சுற்றி நின்று சத்தமாக ஓதவும் வேண்டாம், இன்னும் மிரளுவான். பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து ஓடி எங்கும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் நீங்கள் மட்டும் ஓதிக்கொண்டிருங்கள். சில நிமிடங்களில் தானே படுத்துவிடுவான். காலையில் அதைப் பற்றி அவனிடம் பேசவே வேண்டாம், ஞாபகமில்லாத ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துவதாகிவிடும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது என்றால், அதற்குக் கால் மணி, அரை மணி நேரம் முன்னால் லேசாக எழுப்பிச் சிறுநீர் கழிக்க வைத்து மறுபடி படுக்க வையுங்கள். சில வாரம் இப்படிச் செய்தால் பல பிள்ளைகளுக்கு நின்றுவிடுகிறது.

இதைத் தூண்டிவிடுவதில் முதல் காரணம் தூக்கக் குறைவு. அவன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். உங்கள் கணவர் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் இங்கே பதினொன்று. வளைகுடாவில் அத்தா இருக்கும் பல வீடுகளில் பிள்ளைகள் அந்தப் போனுக்காகவே விழித்திருக்கிறார்கள். அப்புறம் சுபுஹுக்கு எழுந்து மக்தபுக்கு ஓதப் போக வேண்டும், அங்கிருந்து பள்ளிக்கூடம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்றால், போனை இங்கே மாலை நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது அங்கே அவருடைய வார விடுமுறையில் நிதானமாகப் பேசட்டும். மற்ற நாட்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினால் போதும். அதில் என்ன இருக்கலாம் என்று கீழே சொல்கிறேன். இஷா தொழுதுவிட்டால் வீண் பேச்சில்லாமல் படுப்பதுதான் நபி (ஸல்) அவர்களின் பழக்கமாக இருந்தது. ஒன்பது மணிக்கு அவன் படுக்கையில் இருக்க வேண்டும், கையில் போன் இருக்கக் கூடாது.

படுக்கும்போது ஓதுவது பற்றி. ஆயத்துல் குர்ஸி, பகராவின் கடைசி இரண்டு ஆயத்து, ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று பெரியவர்களுக்கு நிறைய இருக்கிறது, எல்லாமே ஹதீஸில் உள்ளவைதான். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். அவனுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு தடவை ஒளு. பாயையும் தலையணையையும் துணியால் அவனே தட்டட்டும். இதுவும் ஸுன்னத்து (நபிவழி), பூரான் வரும் பழைய வீட்டுக்கு ரொம்ப நல்லது. அப்புறம் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, குல் ஹுவல்லாஹ், குல் அவூது பிரப்பில் ஃபலக், குல் அவூது பிரப்பின்னாஸ் ஓதி, கையில் ஊதி, தலை, முகம், உடம்பின் முன்பக்கம் என்று கை எட்டும் வரை தடவிக்கொள்வது. மூன்று முறை. நபி (ஸல்) ஒவ்வொரு இரவும் இப்படிச் செய்ததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து ஓதுங்கள். முடிந்ததும், ‘ஓதியாச்சு, அல்லாஹ் பாத்துக்குவான்’ என்று சொல்லி விளக்கை அணைத்துவிடுங்கள்.

அல்லாஹும்ம பிஸ்மிக்க அமூத்து வஅஹ்யா சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். தூக்கத்தை மவ்த்தோடு, அதாவது மரணத்தோடு, சேர்த்துச் சொல்லும் துஆ அது. மக்தபில் கப்ரு (மண்ணறை) வேதனைக் கதைகள் கேட்டிருக்கும் பிள்ளை அதன் அர்த்தத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு தூங்கவே பயப்படலாம். காலையில் எழுந்ததும் ஓதும் அல்ஹம்து லில்லாஹில்லதீ அஹ்யானா என்ற துஆவையும் ஜோடியாகச் சொல்லிக் கொடுங்கள். ராத்திரி அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறோம், காலையில் அவன் திருப்பித் தருகிறான் என்று அவனுக்கு முழுசாகப் புரியட்டும்.

நடுவில் பயந்து விழித்தால், இடது பக்கம் மூன்று முறை ஊதிவிட்டு, அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம் சொல்லி, படுத்திருந்த பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். திரும்பிப் படுப்பதும் ஹதீஸில் உள்ளதுதான். பயந்த நேரத்தில் தன் உடம்பால் தானே செய்ய ஒரு வேலை இருப்பது பிள்ளைக்குப் பெரிய தைரியம். தூக்கத்தில் திடுக்கிட்டால் ஓத இன்னொரு துஆவும் அபூதாவூத், திர்மிதி நூல்களில் இருக்கிறது. அதை இப்போதைக்கு நீங்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: அஊது பிகலிமாத்தில்லாஹித் தாம்மாத்தி மின் களபிஹி வஇகாபிஹி வஷர்ரி இபாதிஹி வமின் ஹமஸாத்திஷ் ஷயாத்தீனி வஅன் யஹ்ளுரூன். அல்லாஹ்வின் நிறைவான வார்த்தைகளைக் கொண்டு, அவனுடைய கோபத்தை விட்டும், தண்டனையை விட்டும், அவனுடைய அடியார்களின் தீங்கை விட்டும், ஷைத்தான்களின் தூண்டுதலை விட்டும், அவர்கள் என்னிடம் வருவதை விட்டும் பாதுகாப்புத் தேடுகிறேன் என்று பொருள். அரபி உச்சரிப்பை ஹஜ்ரத்திடம் ஒரு தடவை சரி பார்த்துக்கொள்ளுங்கள், தமிழ் எழுத்தில் எல்லா ஒலியும் வராது.

இந்த துஆவின் அறிவிப்பிலேயே தாயத்து விஷயமும் வருகிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பார், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுதிக் கழுத்தில் கட்டுவார் என்று அதில் இருக்கிறது. அந்தப் பகுதி பலமானதா என்பதிலும், கட்டுவது கூடுமா என்பதிலும் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தெரிந்தது இது: கயிற்றில் தைரியத்தை வைத்த பிள்ளை, குளிக்கும்போது கயிறு அறுந்தால் அன்று ராத்திரி தூங்க மாட்டான். உங்கள் மகன் விவரம் தெரிந்த பிள்ளை, அந்த அறிவிப்பின்படியே பார்த்தாலும் கற்றுக்கொடுக்கும் வயதில்தான் இருக்கிறான். ஆனால் தாயத்துக்காக மாமியாரோடு சண்டை வேண்டாம், அவரும் பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் செய்திருக்கிறார். அவருக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள். ஹசன், ஹுசைன் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) பாதுகாப்புத் தேடி ஓதுவார்கள், இப்ராஹீம் நபி தம் பிள்ளைகள் இஸ்மாயீல், இஸ்ஹாக்குக்காகவும் இதையே ஓதினார்கள் என்று சொல்வார்கள் என புகாரியில் இருக்கிறது: அஊது பிகலிமாத்தில்லாஹித் தாம்மா, மின் குல்லி ஷைத்தானிவ் வஹாம்மா, வமின் குல்லி ஐனில் லாம்மா. இதை நன்னிமா பேரன் தலையில் கை வைத்து ஓதி ஊதிவிடட்டும். அத்தாவும் இதையே ஷார்ஜாவிலிருந்து ஓதி, கடைசியில் மகன் பேரைச் சொல்லி, குரல் பதிவாக அனுப்பட்டும். விளக்கு அணைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக, அந்தத் திரும்பத் திரும்ப ஓதுவது. ஒரு ஒளு, ஒரு ஓதல், அதற்கு மேல் இல்லை என்று அன்பாகக் கறாராக இருங்கள். ‘அம்மா, ஹா சரியா வரலை’ என்றால் மறுபடி ஓத விடாதீர்கள். திக்கித் திணறிக் கஷ்டப்பட்டுக் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று ஹதீஸ் இருப்பதைச் சொல்லுங்கள். தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுபிள்ளை பருவம் அடையும் வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அவர்கள் மேல் குற்றம் எழுதப்படாது என்பதையும் சொல்லுங்கள். அவன் தூங்குபவன், சிறுபிள்ளையும்கூட. பாதி ஓதும்போதே தூங்கிவிட்டால் எழுப்பி முடிக்கச் சொல்லாதீர்கள். ‘ஓதாம படுத்தேல்ல, அதான் வந்துச்சு’ என்று மட்டும் யாரும் எப்போதும் சொல்லிவிடக் கூடாது, விளையாட்டுக்குக்கூட.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அலறும்போது கை கால் வெட்டி இழுப்பது, உடம்பு விறைப்பது, ஒரே ராத்திரியில் பல முறை வருவது. குறட்டையும் வாய் திறந்து மூச்சு விடுவதும். நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது. பகலிலும் பயந்து ஒட்டிக்கொண்டே இருப்பது, அல்லது ஒரு குறிப்பிட்ட ஆளிடமோ இடத்துக்கோ போக மாட்டேன் என்று அடம் பிடிப்பது. கடைசியாகச் சொன்னது இருந்தால் ஜின், கனவு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அங்கே யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா என்று தனியாக, பொறுமையாக, நம்பிக்கை கொடுத்துக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கை கழுவுவது, தொழுகை, வீட்டுப்பாடம் என்று மற்றவற்றையும் திரும்பத் திரும்பச் செய்ய ஆரம்பித்தால் மனநல ஆலோசனை தேவை. காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். அதற்கு முன் போனில் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

மூன்று வாரம் இப்படிச் செய்து பாருங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், அலறிய நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். நடுக்கதவைத் திறந்த அன்று அவன் என்ன சொன்னான் என்பதையும் அதில் எழுதுங்கள்.